பீரோ போன பிறகும் போகாத பயம்

பீரோவைத் திறந்து பார்த்தேன். காலி. தரையோடு தரையாகக் குனிந்து அடியிலும் பார்த்தேன். ஒரு கரப்பான் பூச்சி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இவனிடம் பேச்சு வைத்துக்கொள்ள வேண்டாம் என்பதுபோல் நகர்ந்து போனது.

"ஒண்ணும் இல்ல அண்ணி."

"வேலை நேரத்துல மேடம்னு கூப்பிடச் சொல்லியிருக்கேன்ல?"

"ஒண்ணும் இல்ல மேடம் அண்ணி."

துப்பறிவதில் எங்கள் அண்ணிக்கு உள்ள பெயர் ஊரறிந்தது. அவர் பின்னாலேயே நாயாய் அலையும் கொழுந்தன் ஒருவன் இருக்கிறான் என்பது அவ்வளவாக யாருக்கும் தெரியாது. வழக்கு முடிந்தால் பாராட்டு அவருக்கு, பையைத் தூக்குவது நான். இதில் எனக்கு வயிற்றெரிச்சல் உண்டு, மறைப்பதற்கு ஒன்றுமில்லை. அன்று அந்தக் கூடத்தில் வயிறு எரியாத ஆளே கிடையாது.

அது வைஃபை பெட்டிகள் செய்யும் கம்பெனியின் சோதனைக் கூடம். சிமெண்ட் தரை, ஜன்னலில்லாத சுவர்கள். உத்தரத்தில் இரண்டு வெள்ளைப் பெட்டிகள் பக்கத்துப் பக்கத்தில் தொங்கின. ஒன்று முதலாளியின் மூத்த மாப்பிள்ளை செய்தது, இன்னொன்று இளைய மாப்பிள்ளை செய்தது. எந்தப் பெட்டி ஜெயிக்கிறதோ அதுதான் கம்பெனியின் அடுத்த சரக்கு. செய்தவர்தான் தலைமை இன்ஜினியர்.

எங்களைக் கூப்பிட்டது சின்ன மாப்பிள்ளை. லேப்டாப்பைக் கைக்குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

"போன வாரம் வரைக்கும் என் பெட்டிதான் முன்னால இருந்துச்சு மேடம். இந்த வாரம் தினமும் மத்தியானம் படுத்துடுது. சாயங்காலம் வரைக்கும் எந்திரிக்கிறதே இல்ல. மறுநாள் காலையில அணைச்சுப் போட்டாத்தான் எந்திரிக்குது. சகலைதான் எங்கேயோ ஒரு கருவியை ஒளிச்சு வெச்சு என் சிக்னலை அமுக்குறார். அதைக் கண்டுபிடிச்சுக் குடுங்க."

"கண்டுபிடிச்சா?"

"மாமா சொல்லிட்டார். இன்னிக்கு அந்தக் கருவி கிடைச்சா, சகலை சாவியை வெச்சுட்டு வெளிய போகணும். கிடைக்கலேன்னா நான் தோத்தேன்."

கூடத்தின் நடுவில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த முதலாளி, ஆமாம் என்று தலையசைத்தார். இரண்டு மாப்பிள்ளைகள் வைத்திருக்கிற மனிதருக்கு எப்போதும் ஒரு பக்கம் தலைவலிதான் என்று அவர் முகத்திலேயே எழுதியிருந்தது.

"மொதல்ல இந்தப் பெட்டி என்ன பண்ணுதுன்னு சொல்லுங்க. எனக்குப் புரிய வேண்டாம், இவனுக்குப் புரியற மாதிரி சொல்லுங்க" என்று அண்ணி என்னைக் காட்டினார்.

பல்லைக் கடித்துக்கொண்டேன்.

சின்ன மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார். "பெட்டி டேட்டாவைத் துண்டு துண்டா போனுக்கு அனுப்பும். ஒவ்வொரு துண்டு கிடைச்சதும் போன் 'வந்துச்சு'ன்னு பதில் சொல்லும். வேகமா அனுப்பினா நிறையப் போகும். ஆனா நடுவுல எதாவது மறைச்சா துண்டு தவறிடும். மெதுவா அனுப்பினா பத்திரமாப் போகும், ஆனா ஆமை வேகம். எந்த நேரத்துக்கு எந்த வேகம்? அதைத் தேர்ந்தெடுக்கிறதுதான் சாமர்த்தியம். சகலையோட பெட்டிக்கு அவரே விதி எழுதியிருக்கார். ரெண்டு துண்டு தவறினா ஒரு படி இறங்கு, பத்து துண்டு சேர்ந்தா ஒரு படி ஏறு. என் பெட்டிக்கு விதியே கிடையாது. நடந்ததைப் பார்த்து அதுவாவே கத்துக்கும்."

"அடிபட்டுக் கத்துக்குமா, படிச்சுக் கத்துக்குமா?" என்றேன்.

"ரெண்டும். சும்மா இருக்கும்போதும் எப்பவாவது ஒரு துண்டை வேணும்னே ஒரு படி மேல வேகத்துல விட்டுப் பார்க்கும். தவறினாத் தவறட்டும். இல்லேன்னா வழி திறந்திருக்கறது அதுக்கு எப்படித் தெரியும்? அதுக்குப் பேரு… அதுக்குப் பேரு…"

"துழாவல்" என்று மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது.

திரும்பினேன். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் தலை நிமிராமல் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். முதலாளியின் இளைய மகள், சின்ன மாப்பிள்ளையின் மனைவி. பிரசவ விடுப்பு முடிந்து இந்த மாதம்தான் வேலைக்குத் திரும்பியிருக்கிறாள். பெட்டியோடு வைத்து விற்கும் உபயோகக் குறிப்பை எழுதுவது அவள் வேலை என்று சின்ன மாப்பிள்ளையே சொன்னார்.

"ஆங், துழாவல்" என்று முடித்தார். பரீட்சைக்கு உருப்போட்டவன் ஒரு வரி மறந்து, பக்கத்து பெஞ்சிலிருந்து வாங்கிக்கொண்டு தொடர்கிற மாதிரி இருந்தது.

அடுத்து மூத்த மாப்பிள்ளை. தன் மேசையில் இழுப்பறைகளையெல்லாம் தானே திறந்து வைத்துவிட்டு, பாக்கெட்டுகளை வெளியே இழுத்துவிட்டு, கைகட்டி உட்கார்ந்திருந்தார். சாவிக்கொத்து மேசை மேல் தயாராக இருந்தது.

"தேடுங்க. பாக்கெட்டையும் பாருங்க. என் பொண்டாட்டி குடுத்த கைக்குட்டை இருக்கு, அதுலயும் எதாவது கருவி இருக்கான்னு பாருங்க."

"உங்களுக்கு உங்க சகலை மேல பொறாமையா சார்?" என்றார் அண்ணி. அவருக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது.

"இல்லாம? எத்தனை வருஷமா நான் ஒவ்வொரு கட்டடமா ஏறி இறங்கி, ஒவ்வொரு சுவரா தட்டிப் பார்த்து எழுதின விதிங்க அதெல்லாம். இவர் வந்தார், 'அதுவாவே கத்துக்கும் மாமா'ன்னார். மாமா வாயைப் பொளந்தார். அதுவும் உண்மையிலேயே கத்துக்கிச்சு! ராத்திரியெல்லாம் தூக்கம் வரல மேடம். வயிறு எரியுது, ஒத்துக்கறேன். ஆனா ஒளிச்சு வெச்சு அமுக்கறதா? எனக்குத் தோக்கத் தெரியும். திருடத் தெரியாது."

"அப்ப பீரோ?"

"அது போட்டியோட சட்டம். எதிராளி பெட்டிக்கு முன்னாடி நாளைக்கு ஒரு தடவை ஒரு தடையை வைக்கலாம், கொஞ்ச நேரத்துல எடுத்துடணும். நிஜக் கட்டடத்துல ஜனங்க பீரோவைத் தள்ளி வைக்க மாட்டாங்களா? மாமா வெச்ச சட்டம் அது. சகலை என் பெட்டிக்கு முன்னாடி இரும்புக் கதவை வெச்சார், நான் அவருக்கு பீரோ வெச்சேன். மத்தியானம் வெக்கறேன், எடுத்துடறேன். எடுத்தப்புறமும் அது ஏன் படுத்தே கிடக்குதுன்னு எனக்கே தெரியல. தெரிஞ்சுக்க ஆசைதான். ஆனா எதிராளி ஸ்கிரீனை நான் பார்க்கக் கூடாது."

அவர் குரலில் பொய் இல்லை. பொறாமை தாராளமாக இருந்தது. பொறாமையை இவ்வளவு வெளிச்சத்தில் வைத்திருக்கிறவன் வேறு எதையும் ஒளிக்க மாட்டான் என்று எனக்குப் பட்டது. அண்ணியிடம் சொன்னேன். "பார்க்கலாம்" என்றார். நான் எதைச் சொன்னாலும் அவருக்கு அது "பார்க்கலாம்"தான்.

"இன்னிக்கு பீரோவை நீயே தள்ளு" என்றார்.

தள்ளினேன். எஃகு பீரோ, அதற்கென்ன, தள்ளுகிறவனுக்குத்தான் முதுகுவலி. பெட்டிக்கும் மேசை மேல் இருந்த போனுக்கும் நடுவில் கொண்டுபோய் நிறுத்தினேன். சின்ன மாப்பிள்ளையின் ஸ்கிரீனைச் சுற்றி எல்லோரும் நின்றோம். முதலாளி அனுமதி கொடுத்ததால் மூத்த மாப்பிள்ளையும் ஓரமாக வந்து நின்றார்.

ஸ்கிரீனில் ஒரு கோடு ஓடியது. மேலே போனால் வேகம், கீழே வந்தால் மெதுவு. சேர்ந்த துண்டுக்குப் பச்சைப் புள்ளி, தவறிய துண்டுக்குச் சிவப்புப் புள்ளி. பீரோ வந்ததும் சிவப்பு மழையாகக் கொட்டியது. கோடு படிப்படியாக இறங்கி அடிமட்டத்துக்கு வந்து நின்றது. அங்கே எல்லாம் பச்சை.

"இப்ப எடு" என்றார் அண்ணி.

மறுபடி முதுகு. பீரோ சுவரோரம் போனது. பெட்டிக்கும் போனுக்கும் நடுவில் இப்போது காற்றைத் தவிர ஒன்றுமில்லை.

காத்திருந்தோம். கோடு அசையவில்லை.

"பார்த்தீங்களா? பீரோ இல்ல. ஆனா அமுக்குறார்! எங்கேயோ ஓடிக்கிட்டு இருக்கு அந்தக் கருவி" என்று சின்ன மாப்பிள்ளை துள்ளினார்.

முதலாளி மூத்தவரைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே பாதி சாவி கைமாறிவிட்டது. மூத்தவர் முகம் சுண்டிப்போயிற்று.

நான் மூச்சு வாங்கிக்கொண்டே சுவரைப் பார்த்தேன். சின்ன மாப்பிள்ளை ஜெயித்துக்கொண்டிருந்த போன வாரத்துக் கோட்டைப் பெருமையாகப் பெரிதாக்கி ஒட்டியிருந்தார். முள் முள்ளாக, சவரம் செய்யாத தாடை மாதிரி இருந்தது. ஸ்கிரீனில் ஓடுவது மொழுமொழுவென்று இருந்தது.

"போன வாரம் தாடியோட இருந்தவர் இந்த வாரம் மழுமழுன்னு சவரம் பண்ணிட்டு வந்திருக்கார் போல" என்றேன். சும்மா நக்கலுக்குத்தான்.

அண்ணி சட்டென்று என் தோளைப் பிடித்து ஒதுக்கிவிட்டுச் சுவரிடம் போனார். பிறகு ஸ்கிரீனிடம். மறுபடி சுவரிடம். அவர் கண் மின்னுவதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. நான் போட்ட நக்கலை எடுத்து அவர் துப்பாக மாற்றப் போகிறார், பெயரையும் அவரே வாங்கப் போகிறார்.

"பீரோ போயிடுச்சு. பயம் மட்டும் ஏன் போகல?" என்றார் அண்ணி.

"அமுக்குறதால…" என்று தொடங்கினார் சின்ன மாப்பிள்ளை.

"அமுக்கினா துண்டு தவறணும் சார். தவறினா சிவப்புப் புள்ளி விழணும். பீரோவை எடுத்ததுக்கப்புறம் ஒரு சிவப்பு காட்டுங்க பார்ப்போம்."

எல்லோரும் குனிந்து பார்த்தோம். பச்சை, பச்சை, பச்சை. ஒரு சிவப்புகூட இல்லை.

"அடிச்சுப் போட்டுட்டாங்கன்னு புகார். ஆனா உடம்புல ஒரு கீறல் இல்ல. ஏன்னா யாரும் அடிக்கல. உங்க பெட்டி மேல ஏற முயற்சியே பண்ணல. எப்பவாவது ஒரு தடவை துழாவும்னு சொன்னீங்களே, அந்த முள்ளுங்கதான் சுவத்துல இருக்கு. இங்க இல்ல. வழி திறந்திருக்கு, எட்டிப் பார்க்க ஆள் இல்ல. துழாவலை யாரோ அணைச்சுட்டாங்க. அதை உத்தரத்துல ஏறியோ, கருவியை ஒளிச்சோ செய்ய முடியாது. உங்க லேப்டாப்புக்குள்ள போய்த்தான் செய்யணும்."

"இது என் கையை விட்டு இறங்கினதே இல்லையே!" என்றார் சின்ன மாப்பிள்ளை.

எனக்கு அது போதும். இந்த ஒரு தடவையாவது கடைசி அடியை நான் அடித்துவிட வேண்டும் என்று பாய்ந்தேன்.

"அப்ப நீங்களேதான் சார்! உங்க பெட்டியை நீங்களே படுக்க வெச்சு, பழியைச் சகலை தலையில போட்டு, ஆளையே வெளியேத்தப் பார்த்தீங்க. ஜெயிச்சா மட்டும் போதாது, எதிராளியே இருக்கக் கூடாது. இதுக்குப் பேருதான் பொறாமை!"

மூத்த மாப்பிள்ளை "அடப்பாவி!" என்று முன்னால் வந்தார். முதலாளி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். நான் அண்ணியை வெற்றிப் பார்வை பார்த்தேன்.

அண்ணி என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. "சார், அந்தத் துழாவலை இப்ப ஆன் பண்ணிக் காட்டுங்க" என்றார்.

சின்ன மாப்பிள்ளை உட்கார்ந்தார். திறந்தார், மூடினார். மேலே போனார், கீழே வந்தார். வரிவரியாகப் புரோகிராம் ஓடியது. நெற்றியில் வியர்வை அரும்பியது.

"நல்லா நடிக்கிறார்" என்று அண்ணியின் காதைக் கடித்தேன்.

"நடிக்கிறவன் ஒரே ஒரு தப்பான இடத்துல தேடிட்டு, காணோம்பான். இவர் எல்லா இடத்துலயும் தேடுறார் கொழுந்தனாரே." பிறகு குரலை உயர்த்தினார். "சார், முள்ளெல்லாம் உதிர்ந்து போன கோட்டைத் தினமும் பார்த்துக்கிட்டே இருந்தீங்க. உங்க கண்ணுல அது படவே இல்ல. பெத்தவங்களுக்குப் பிள்ளை முகம் வாடினா ஒரு நிமிஷத்துல தெரியும். இதைப் பெத்தது நீங்க இல்ல. வீட்டுல இந்த லேப்டாப் பக்கத்துல வேற யார் இருப்பாங்க?"

"வீட்டுல… என் மனைவியும் குழந்தையும்தான்" என்றவர், சொல்லி முடித்ததும் கல்லாய்ச் சமைந்தார்.

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் தட்டச்சுச் சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு அவள் வந்தாள்.

"நான்தான்" என்றாள்.

"என்னம்மா உளறுறே?" என்றார் முதலாளி.

"உளறல்லப்பா. துழாவலை அணைச்சது நான். அதை எழுதினதும் நான். மொத்தத்தையும் எழுதினது நான். மசக்கையில வாந்தி எடுத்துக்கிட்டே பாதி எழுதினேன். குழந்தையை ஒரு கையில ஆட்டிக்கிட்டே மீதி எழுதினேன். லீவுல இருக்கறவங்க போட்டிக்குப் பேர் குடுக்கக் கூடாதுன்னு நீங்க ஒரு சட்டம் வெச்சிருந்தீங்க. அதனால நான்தான் சொன்னேன், இப்போதைக்கு உங்க பேர்ல குடுங்கன்னு. நான் திரும்பி வந்ததும் சொல்லிடுவார்னு நெனைச்சேன்."

அவள் கணவனைப் பார்க்காமல் ஸ்கிரீனைப் பார்த்தே பேசினாள்.

"வந்தேன். மொத நாளே எல்லாரும் அவரைச் சுத்தி நின்னு கைதட்டிக்கிட்டு இருந்தாங்க. நானும் நின்னு கைதட்டினேன். அப்புறம் என்கிட்ட வந்து, உனக்குத்தான் நல்லா எழுத வரும், உபயோகக் குறிப்பை எழுதிடுன்னு சொன்னார். நான் பெத்ததுக்கு நானே குறிப்பு! என் பிள்ளையை இன்னொருத்தர் இடுப்புல வெச்சுக்கிட்டு என் கண்ணு முன்னாடியே திரியறார், எல்லாரும் கன்னத்தைக் கிள்ளிட்டு அப்பன் ஜாடைங்கறாங்க. பொறாமைன்னா பொறாமைதான்ப்பா. சொந்தப் புருஷன் மேல. அதை யார்கிட்ட போய்ச் சொல்றது?"

"அதுக்காக நம்ம பெட்டியைக் கெடுப்பியா? உங்க அத்தானைத் திருடன்னு சொல்லி வெளியேத்த இருந்தேனே!"

அங்கேதான் அவள் குரல் உடைந்தது. மூத்தவரைப் பார்த்தாள்.

"அது நான் நெனைக்கவே இல்ல அத்தான். ஒரே ஒரு செட்டிங்கை அணைச்சேன். பெட்டி படுத்துடும், இவருக்குப் புரியாது, வீட்டுக்கு வந்து என்கிட்ட கேப்பார், அப்ப பேசிக்கலாம்னு இருந்தேன். தினமும் சாயங்காலம் கதவைத் திறக்கறப்ப இன்னிக்குக் கேப்பார்னு பார்த்தேன். என்கிட்ட ஒரு வார்த்தை கேக்க மனசு வரல. உங்க மேல பழியைப் போட்டுட்டு, துப்பறியறவங்களைக் கூட்டிட்டு வந்துட்டார். காலையிலேயே நான் வாயைத் திறந்திருக்கணும். தப்புதான். இவர் மாட்டிக்கட்டும்னு பார்த்துக்கிட்டு உட்கார்ந்துட்டேன்."

வேறு நேரமாக இருந்தால் ஏதாவது நக்கல் அடித்திருப்பேன்.

"மாப்பிள்ளை" என்றார் முதலாளி. "இவ சொல்றது பொய்யின்னா, அந்தச் செட்டிங்கை நீங்களே சரி பண்ணுங்க. இப்பவே, எங்க முன்னாடி."

சின்ன மாப்பிள்ளை ஸ்கிரீனைப் பார்த்தார். மாமனாரைப் பார்த்தார். சகலையைப் பார்த்தார். கடைசியில் வேறு வழியில்லாமல் மனைவியின் பக்கம் திரும்பினார்.

"எங்கம்மா இருக்கு அது?" என்றார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "இதைக் கேப்பீங்கன்னுதானே இந்த வாரம் பூரா காத்திருந்தேன்?" என்றாள். "எழுந்திருங்க."

அவர் எழுந்தார், அவள் உட்கார்ந்தாள். தேடவே இல்லை. விரல் நேராகப் போய் ஒரு வரியில் நின்றது. எதையோ மாற்றினாள்.

ஸ்கிரீனில் ஒரு முள் முளைத்தது. பச்சை. அடுத்து இன்னும் ஒரு படி மேலே ஒன்று, சிவப்பு. மறுபடி துழாவியது. பச்சை. கோடு தயங்கித் தயங்கி ஒரு படி ஏறி, அங்கே கால் ஊன்றி, அடுத்த படிக்கு எட்டிப் பார்த்தது. பிறகு கிடுகிடுவென்று ஏறியது. இந்த வாரம் முழுக்க மத்தியானமானால் அடிமட்டத்தில் கிடந்த கோடு ஸ்கிரீனின் உச்சியைத் தொட்டுக்கொண்டு ஓடியது.

மூத்த மாப்பிள்ளை மூக்கு ஸ்கிரீனில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தார். ஒவ்வொரு முள்ளையும் எண்ணுகிறவர் மாதிரி பார்த்தார். பிறகு நிமிர்ந்து, மேசையிலிருந்த சாவிக்கொத்தை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

"இத்தனை நாள் எரிஞ்சதெல்லாம் சும்மாம்மா" என்றார் மச்சினியிடம். "இப்பதான் நிஜமா எரியுது."

"எரியட்டும் அத்தான். ஆனா உங்க பெட்டியோட விதி எல்லாத்தையும் எனக்குச் சொல்லிக் குடுக்கணும். சுவருங்களைப் பத்தி என் பெட்டிக்கு ஒண்ணுமே தெரியல."

"தோக்கடிச்சவளுக்கு டியூஷன் வேறயா?" என்று முணுமுணுத்தாலும், பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். முதலாளியும் தன் மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "இந்தச் சிவப்பு ஏன் வந்துச்சு?" என்று மகளைக் கேட்டார். அவள் சொன்னாள். அவர் அடுத்ததைக் கேட்டார்.

சின்ன மாப்பிள்ளை அந்த மூன்று நாற்காலிகளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். யாரும் அவரைத் திட்டவில்லை, அதுதான் அவருக்குத் தாங்கவில்லை என்று நினைக்கிறேன். திட்டினாலாவது பதில் சொல்லலாம். மூத்தவரின் தலைக்கு மேல் எட்டி ஸ்கிரீனைப் பார்க்க முயன்றார், தெரியவில்லை. அந்த முகத்தில் இருந்ததை நான் நன்றாக அறிவேன். தினமும் சவரக் கண்ணாடியில் பார்க்கிறேன்.

"மாமா, போட்டியில அவ பேரையே போட்டுடுங்க" என்றார் கடைசியில்.

"போட்டாச்சு" என்றார் முதலாளி, திரும்பாமலே.

அண்ணி என் கையைப் பிடித்து வாசல் பக்கம் இழுத்தார். நான் நகரவில்லை, ஏனென்றால் முதலாளியின் மகள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஸ்கிரீனிலிருந்து கண்ணை எடுக்காமல், கோபமும் இல்லாமல், வீட்டில் தினமும் பேசுகிற அதே குரலில் சொன்னாள்.

"என்னங்க, குழந்தை எந்திரிக்கிற நேரமாச்சு. அக்கா எவ்வளவு நேரம்தான் வெச்சுக்கிட்டு இருப்பா? நீங்க போய்ப் பார்த்துக்குங்க. நான் வரதுக்கு நேரமாகும்."